ஒரே கேள்வி இரண்டு தடவை வந்தால்

டெல்னாவுக்கு எதுவும் முதல் தடவையில் புரியாது. இதை அவளே சொல்லுவாள், வெட்கமெல்லாம் கிடையாது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளக் கடற்கரை ஊரான பொழியூரின் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் ஒரு தடவை சொல்லித் தருவார். வகுப்பு முழுக்கத் தலையாட்டும். டெல்னா மட்டும் கையைத் தூக்குவாள். இரண்டாவது தடவையும் சொல்லுவார். கை இறங்காது. மூன்றாவது தடவை பொறுமையெல்லாம் போய், அவள் பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்து, தமிழும் மலையாளமும் கலந்து திட்டிக்கொண்டே சொல்லுவார். அப்போது புரியும். அப்படிப் புரிந்தது பிறகு ஒருநாளும் அவளை விட்டுப் போனதில்லை. தலையாட்டிய மற்றவர்கள் பரீட்சையில் என்ன வாங்கினார்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. அவர்களில் சிலர் இப்போது ஊரில் பெரிய ஆட்கள்.

இந்தக் குழப்பக்காரி கம்ப்யூட்டர் வேலைக்குப் போனதுதான் ஊருக்கு ஆச்சரியம். எல்லை தாண்டி மார்த்தாண்டம் பக்கம் கல்லூரியில் கணக்குப் படித்தாள். ஒரு போட்டோ ஸ்டூடியோவில் ஆல்பம் அடுக்கிக்கொண்டே, அங்கே இருந்த கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாள். எழுதியது ஓடாது. ஏன் ஓடவில்லை என்று புரியாது. ஆனால் எழுந்து போகமாட்டாள். முப்பத்தொரு வயதில் அவளிடம் இருந்த ஒரே திறமை அதுதான் என்று வைத்துக்கொள்ளலாம். புரியாத ஒன்றின் முன்னால் அவளைப் போல உட்கார்ந்திருக்க அந்தக் கரையில் ஆள் இல்லை.

ஆபீஸ் அமரவிளையில், ஹைவே ஓரம், டயர் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. முதலாளி அஜேஷ் பெங்களூரில் பத்து வருஷம் இருந்துவிட்டுச் சொந்த ஊரான கொல்லயிலுக்குத் திரும்பி வந்தவன். நல்ல மனுஷன். ஆனால் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் பாதியில் அடுத்ததுக்குத் தாவிவிடுவான். அவன் சொல்வதை மூன்று தடவை கேட்டால் மூன்று வெவ்வேறு விஷயங்களைக் கேட்டதாக இருக்கும். அவனிடம் போய் டெல்னா மாட்டினாள்.

அஜேஷ் செய்ய நினைத்தது இதுதான். கரையிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தாண்டினால் போன் செத்துவிடும். பெரிய போட்டுகளில் வயர்லெஸ் உண்டு. பொழியூர்க்காரர்களின் பைபர் வள்ளங்களில் பலதில் கிடையாது. அதனால் வள்ளத்துக்கு ஒன்றாக, சோப்புப் பெட்டி அளவில், ஒரு ரேடியோ பெட்டி. திறந்த கடலில் ஒரு பெட்டியின் பேச்சு பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அடுத்த பெட்டிக்குக் கேட்கும். அது அதற்கடுத்த பெட்டிக்குச் சொல்லும். கடைசிப் பெட்டி பொழியூர் ஐஸ் பிளாண்டின் மொட்டை மாடியில், ஒரு கம்ப்யூட்டரோடும் இன்டர்நெட்டோடும் இணைந்து இருக்கும். வள்ளத்தில் இருப்பவன் போனில் காற்று எப்படி என்று ஒரு வலைப்பக்கத்தைக் கேட்டால், அந்தக் கேள்வி ஒரு செய்தியாக மடிந்து, பெட்டி பெட்டியாகத் தாவிக் கரைக்கு வரும். கரையில் இருக்கும் கம்ப்யூட்டர் அவனுக்குப் பதிலாக இன்டர்நெட்டில் போய்க் கேட்டு, கிடைத்ததை மடித்து அதே மாதிரி திருப்பி அனுப்பும். பேட்டரி தீராமல் இருக்க, பெட்டிகள் எல்லாம் ஒவ்வொரு மணி தொடங்கும்போதும் கால் மணி நேரம் மட்டும் விழித்திருக்கும். கேட்டால்தான் பதில். கேட்காமல் வருகிற எதையும் வள்ளத்தில் உள்ள போன் வாங்காது.

மூன்று தடவை கேட்டும் டெல்னாவுக்கு இது பிடிபடவில்லை. ஒருநாள் பாறசாலையில் பஸ் மாறும்போதுதான் பிடிபட்டது. சாதாரணமாக ஒரு வலைப்பக்கத்தைக் கேட்பது கடையில் நின்று டீ கேட்பது மாதிரி. அவன் ஊற்றித் தரும்வரை நிற்கிறோம், வாங்கிக்கொண்டு நகர்கிறோம். இதுவோ பஸ்ஸில் ஏறுகிற முன்பின் தெரியாத ஆளிடம், “அமரவிளையில ஒரு டீ சொல்லிருங்க” என்று சொல்லிவிட்டு ஸ்டாண்டிலேயே காத்திருப்பது. டீ வரலாம். எப்போது, யார் கையில் என்று தெரியாது. டீ கேட்பதைப் பஸ்காரர்கள் வழியாக நடத்திக் காட்டுவதுதான் தன் வேலை என்று புரிந்ததும் அவளுக்குத் தலை சுற்றியது. ஆனாலும் நாலு மாதத்தில் எழுதி முடித்தாள். கரையில் இரண்டு பெட்டிகளை வைத்துப் பார்த்தார்கள். கேள்வி போனது, பதில் வந்தது. அஜேஷ் டயர் கடைக்காரர்களுக்கெல்லாம் லட்டு வாங்கிக் கொடுத்தான்.

இனி அவளுடைய அண்ணன் ஜெனினைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அந்தப் புதன்கிழமையைச் சொல்ல முடியாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஜெனினின் மனைவி ரோசாவுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி வந்தது. ஜெனின் தூரக் கடலில் கிடந்தான். சொல்லியனுப்ப வழியில்லை. ஆண் குழந்தை, பிறந்து ஒரு நாள் இருந்தது. நாலாம் நாள்தான் ஜெனின் கரையேறினான். அம்மை அவனைச் சர்ச் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போய்க் காய்ந்தும் காயாததுமான கொஞ்சம் மண்ணைக் காட்டினாள். மகனை அவன் பார்த்தது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஜெனின் தூரம் போவதை விட்டான். போன் எட்டுகிற தூரத்திலேயே வள்ளத்தைப் போட்டுக்கொண்டு, கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு வந்தான். இப்போது ரோசாவுக்கு ஒன்பதாம் மாதம்; டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. தூரத்தில், பாரு என்று இவர்கள் சொல்லும் கடலடிப் பாறைத் திட்டில், கணவாய் மீன் வந்து இறங்கியிருந்தது. கரையில் உள்ள வள்ளமெல்லாம் அங்கே போனது. ஜெனின் மட்டும் மணலில் உட்கார்ந்து வலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் போகச் சொன்னது டெல்னா.

“நீ போயிட்டு வா அண்ணா. வீட்டு விசேஷம் எழுத ஒரு பக்கம் உண்டாக்கி வச்சிருக்கேன். நீ இந்தப் பொத்தான அமுக்கினா, அதுல நான் எழுதினது உனக்க போன்ல வரும். மைனிய ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனா அந்த மணிக்கே நீ அறிஞ்சிரலாம்.”

ஜெனின் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது மக்கா. நீ அறிவிப்பேன்னு சொல்லுகியா?”

“சொல்லுகேன்.”

“பின்ன செரி” என்றான். திங்கட்கிழமை மத்தியானம் வள்ளத்தை இறக்கினான்.

அன்று சாயங்காலம் வரை டெல்னா பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெனினின் கேள்விகள் வந்தன. ‘ஒண்ணும் விசேஷம் இல்ல’ என்ற அவளுடைய பதில்கள் போயின. நிம்மதியாக வீட்டுக்குப் போனாள். செவ்வாய்க்கிழமை அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஓடுகிற வண்டியை யார் திறந்து பார்ப்பார்கள்?

புதன்கிழமை பத்தே கால் மணிக்கு ஆபீஸில் அவள் போன் அடித்தது. ரோசா. குரல் நிதானமாகத்தான் இருந்தது.

“டெல்னா, பனிக்குடம் உடைஞ்சாச்சு. அம்மையும் நானும் ஆட்டோல பாறசாலைக்கு போயிட்டிருக்கோம். அவருக்கு சொல்லிரு.”

“இப்பம் சொல்லுகேன் மைனி” என்றாள் டெல்னா. பக்கத்தைத் திறந்து எழுதினாள்: ‘மைனியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயாச்சு. உடனே வா.’ இனி பதினோரு மணிக்குப் பெட்டிகள் விழிக்கும், ஜெனின் பொத்தானை அமுக்குவான், அறிவான், மூன்று மணி நேர ஓட்டத்தில் கரைக்கு வருவான். எல்லாம் கணக்காக இருந்தது.

பதினோரு மணி. கரைக் கம்ப்யூட்டரில் வந்த கேள்விகளின் பட்டியல் அவள் லேப்டாப்பில் ஓடியது. கரைக்குக் கிட்டே கிடந்த ஷாஜியின் வள்ளத்திலிருந்து காற்று எப்படி என்று ஒரு கேள்வி. ஐந்து நிமிஷத்தில் அதற்குப் பதில் போனது. ஜெனினின் கேள்வியும் வந்தது. அழகாக, முழுசாக, இரண்டு தடவை வந்தது. பதில் போகவில்லை.

டெல்னா பட்டியலைப் பின்னோக்கி இழுத்தாள். திங்கட்கிழமை மாலைக்குப் பிறகு ஜெனின் இருபத்தாறு தடவை கேட்டிருந்தான். தூங்கிய நேரம் போக மிச்ச நேரமெல்லாம், மணிக்கு ஒன்றாக. இருபத்தாறும் வந்து சேர்ந்திருந்தன. ஒன்றுக்குக்கூடப் பதில் போயிருக்கவில்லை. கிணற்றில் போட்ட கல் மாதிரி கிடந்தன. பதில் வராததை அவன் எப்படி எடுத்துக்கொள்வான் என்று நினைத்ததும் இன்னும் மோசமாக இருந்தது. ஒன்றும் விசேஷம் இல்லை, அதனால்தான் ஒன்றும் வரவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வான்.

“சேட்டா” என்று அஜேஷைக் கூப்பிட்டாள். “கேள்வி வருகு. பதில் போகல்ல.”

“சிக்னல் காணாது” என்றான் அஜேஷ், வந்து பார்க்காமலே.

“சிக்னல் இல்லேன்னா கேள்வி எப்படி வரும்?”

“பாதி சிக்னல் இருக்கும்.”

“பாதி கேள்வி வரல்ல சேட்டா. முழுக் கேள்வியாக்கும் வந்திருக்கு.”

அஜேஷுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் செய்யத் தெரிந்ததைச் செய்வது அவன் வழக்கம். ஐஸ் பிளாண்ட் மாடியில் ஆன்டெனாவை இன்னும் பத்தடி உயர்த்தப் போகிறேன் என்று பைக்கை எடுத்துக்கொண்டு பொழியூருக்குப் பறந்தான்.

டெல்னா தனியாக உட்கார்ந்தாள். அவள் எழுதிய வீட்டு விசேஷப் பக்கம் கெட்டுவிட்டதா? தன் போனில் திறந்தாள், திறந்தது. ஜெனினின் போன் யாருடையது என்று கம்ப்யூட்டருக்கு அடையாளம் தெரியவில்லையா? தெரிந்திருந்தது. தூரத்து வள்ளமென்றால் பதில் போகாதோ? ஆனால் பதில் வழியில் தொலையவில்லை; கம்ப்யூட்டர் பதிலை எழுதவே இல்லை. இன்டர்நெட்டில் போய்க் கேட்கவே இல்லை. கேள்வியைக் கையில் வாங்கி, ஐந்து நிமிஷம் வைத்திருந்து, எங்கோ போட்டுவிட்டது. ஷாஜிக்கு மட்டும் ஏன் உடனே செய்தது? கம்ப்யூட்டருக்கு ஷாஜியைப் பிடிக்குமா? இந்த மாதிரி யோசிக்க ஆரம்பித்துவிட்டோம் என்று அவளுக்கே பயமாக இருந்தது. கரைக் கம்ப்யூட்டரை இங்கிருந்தே அணைத்து மறுபடி ஏற்றினாள். அது எழுந்து, ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்துகொண்டது.

அம்மை கூப்பிட்டாள். ரோசாவைச் சேர்த்தாகிவிட்டது, வலி விட்டு விட்டு வருகிறது என்றாள். “ஜெனினுக்கு சொல்லியாச்சு இல்லியா?” என்று கேட்டாள். டெல்னா, “சொல்லிட்டு இருக்கேன் அம்மா” என்றாள். பொய்யா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

பன்னிரண்டு மணி. பெட்டிகள் விழித்தன. ஆன்டெனா உயர்ந்ததின் பலன் கண்ணுக்குத் தெரிந்தது. பட்டியல் பிய்த்துக்கொண்டு ஓடியது. பாருவில் கிடந்த வள்ளங்களின் கேள்விகள் ஒவ்வொன்றும் மூன்று நாலு தடவை வந்தன. ஜெனினின் கேள்வி நாலு தடவை. இதுவரை ஒரே ஒரு தடவை வந்துகொண்டிருந்த ஷாஜியின் கேள்விகூட இந்த முறை இரண்டு தடவை வந்தது.

அஜேஷ் மாடியிலிருந்தே கூப்பிட்டான். “இப்பம் எப்படி? கொள்ளாம் இல்லியா?”

“வெள்ளம் மாதிரி வருகு” என்றாள் டெல்னா.

“பாத்தியா? நான் சொன்னேன் இல்லியா, சிக்னலாக்கும்.”

ஐந்து நிமிஷம் போனது. ஜெனினுக்குப் பதில் போகவில்லை. யாருக்கும் போகவில்லை. ஷாஜிக்கும் போகவில்லை.

இங்கேதான் டெல்னாவின் கை அப்படியே நின்றது. சிக்னல் மோசமாக இருந்தபோது பதில் கிடைத்த ஒரே ஆளுக்கு, சிக்னல் நன்றானதும் பதில் நின்றுவிட்டது. அவனுடைய கேள்வி அப்போது ஒரு தடவை வந்தது. இப்போது இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவை வந்தால் என்ன? அதே கேள்விதானே. அதே கேள்வி இரண்டாவது தடவை வந்தால்...

இரண்டாவது தடவை வந்தால் ‘வேண்டாம்’ என்று அர்த்தம். அதை எழுதியது அவளேதான்.

எல்லைக்கு அப்பால் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பொழியூரில் நின்றுகொண்டு போனைப் பார்த்தால் பாதி நேரம் அது தமிழ்நாட்டு டவரைப் பிடித்திருக்கும். முன்பெல்லாம் அப்படிப் பிடித்திருக்கும்போது வந்த அழைப்பை எடுத்தாலே காசு பிடிப்பார்கள். அதனால் எல்லையில் யாரும் போனை எடுக்கமாட்டார்கள். மணியடித்து வைத்துவிடுவதிலேயே எல்லாவற்றையும் பேசினார்கள். ஒரு மணியடித்தால், சொன்னபடி நடக்கட்டும். உடனே இன்னொன்று அடித்தால், முந்தி சொன்னதை விட்டுவிடு. டெல்னாவின் அப்பா நார்பர்ட் கடலுக்குக் கிளம்புகிறார் என்றால் பங்காளிக்கு ஒரு மணி; காற்று மாறி இறங்கவில்லை என்றால் பின்னாலேயே இன்னொரு மணி. அந்தக் கட்டணம் போய் வருஷங்கள் ஆகிவிட்டன, பழக்கம் போகவில்லை. இன்றைக்கும் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஒரே ஆளின் இரண்டு மிஸ்டு கால் வந்தால் திருப்பிக் கூப்பிடத் தோன்றாது. வேண்டாமாம் என்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். வெளியூர்க்காரர்கள் இதனால் இவர்களோடு சண்டை போட்டிருக்கிறார்கள்.

பெட்டிகளைக் கொடுக்க ஐஸ் பிளாண்ட் முன்னால் வள்ளக்காரர்களைக் கூட்டியபோது ஷாஜிதான் கேட்டான்: “ஒண்ணக் கேட்டிட்டு பின்ன வேண்டாம்னு தோணினா என்ன செய்ய?” டெல்னா ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. “அதே பொத்தான இன்னொருக்க அமுக்குங்க. நம்ம மிஸ்டு கால் மாதிரியாக்கும்.” எல்லோரும் தலையாட்டினார்கள். அஜேஷும் ஆட்டினான், பெங்களூரில் பத்து வருஷம் இருந்தாலும் அவனும் கொல்லயில்காரன்தானே. மனசு மாறுகிறவனுக்கு நேரம் கொடுக்க வேண்டும் என்று ஐந்து நிமிஷக் காத்திருப்பையும் வைத்து, ஒன்பது வரியில் அன்றே எழுதி முடித்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயம் அவளுக்கு மறுபேச்சில்லாமல் புரிந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

ஒரே செய்தி பல பெட்டிகள் வழியாகப் பல தடவை வந்து சேரும், அதுதான் இந்த ஏற்பாட்டின் பலம் என்று அஜேஷ் அவளுக்கு எத்தனையோ முறை சொல்லியிருந்தான். அதுவும் அவளுக்குத் தெரியும். இதுவும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை. கரையில் இரண்டு பெட்டியை வைத்துப் பார்த்தபோது ஒரே வழி. ஒரு தடவைதான் வந்தது. திங்கட்கிழமை ஜெனின் கரைக்குக் கிட்டே ஓடிக்கொண்டிருந்தபோதும் அப்படித்தான். கடலிலோ பெட்டியோடு ஆறு வள்ளம் கிடந்தது. ஜெனின் ஒரு தடவை கேட்டான். ஒரு வள்ளம் அதைக் கொண்டுவந்து கொடுத்தது. இன்னொரு வள்ளம் அதையே கொண்டுவந்து கொடுத்தது. ஓ, வேண்டாமாம் என்று கம்ப்யூட்டர் தூக்கிப் போட்டது. இருபத்தாறு தடவையும் இதே கதைதான். பதினோரு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் பார்த்த பட்டியலில் ஜெனினின் கேள்வி ஒன்றுக்கு மேல் நின்றதை அவள் நல்ல சகுனம் என்று நினைத்திருந்தாள்.

அவளுக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை என்பதால் அழவில்லை. அந்த ஒன்பது வரியையும் எடுத்தாள். அதன் இடத்தில், ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு எண் போட்டு, ஒரே எண் எத்தனை தடவை வந்தாலும் ஒரே கேள்விதான் என்று எழுதினாள். எழுதியதை மூன்று தடவை படித்தாள். அஜேஷைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

“அப்பம் நான் ஆன்டெனாவ தூக்கினது?” என்றான்.

“அதுதான் காட்டிக் குடுத்துது சேட்டா.”

“ஓ” என்றான் அஜேஷ். சந்தோஷப்படலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

லேப்டாப்பைத் தோளில் போட்டுக்கொண்டு பாறசாலைக்கு பஸ் ஏறினாள். ஒரு மணி ஆகும்போது பஸ் உதியன்குளங்கரை தாண்டியிருந்தது. மடியில் லேப்டாப்பைத் திறந்தாள். ஜெனினின் கேள்வி வந்தது. நாலு தடவை வந்தது. கம்ப்யூட்டர் அதை ஒன்றாக எடுத்துக்கொண்டது, பக்கத்தைப் போய்ப் படித்தது, பதிலை மடித்தது, கடலைப் பார்த்து அனுப்பியது. போனது என்று ஒரு வரி. அவ்வளவுதான். போய்ச் சேர்ந்ததா என்று சொல்ல அதற்கும் தெரியாது, இவளுக்கும் தெரியாது. பக்கத்து சீட்டு அம்மாள் என்ன மோளே என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள்.

ஆஸ்பத்திரியில் ரோசா வார்டுக்குள் நடந்துகொண்டிருந்தாள். நடந்தால் நல்லது என்று சொல்லியிருந்தார்கள். டெல்னா அவள் கூட நடந்தாள். லேப்டாப்பை அம்மையின் மடியில் வைத்து, நடந்து திரும்பும்போதெல்லாம் எட்டிப் பார்த்தாள்.

இரண்டு மணி. பெட்டிகள் விழித்தன. ஷாஜி கேட்டான், பதில் போனது. இன்னும் மூன்று வள்ளங்கள் கேட்டன, போனது. ஜெனின் கேட்கவில்லை.

டெல்னாவுக்கு இது என்னவென்று தெரியவில்லை. இரண்டு நாளாக விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் கேட்டவன் ஏன் கேட்கவில்லை? போன் தண்ணீரில் விழுந்ததா? புதிதாக எழுதியதில் இன்னொரு தப்பா? அவன் கேள்வியை மட்டும் வாசலிலேயே தள்ளிவிடுகிறதா? அல்லது, அதை அவள் முழுசாக நினைக்க விரும்பவில்லை. ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள். வெயில்தான் அடித்தது. கேள்வி வந்து பதில் போகாததாவது ஒரு தப்பு, தேடிக் கண்டுபிடிக்கலாம். கேள்வியே வராததை எங்கே போய்த் தேடுவது?

மூன்று மணி. மற்றவர்கள் கேட்டார்கள். ஜெனின் கேட்கவில்லை.

ரோசா நடப்பதை நிறுத்திவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வலி வந்து, உச்சிக்குப் போய், இறங்கும்வரை பேசவில்லை. பிறகு, “என்ன மறைக்கே?” என்றாள்.

டெல்னா எல்லாவற்றையும் கொட்டினாள். ஒன்பது வரி, மிஸ்டு கால், இருபத்தாறு தடவை, எல்லாம். “ஒரு மணிக்கு பதில் அனுப்பினேன் மைனி. அதுக்கு பிறகு அண்ணன் கேக்கவே இல்ல. எனக்கு ஒண்ணும் மனசிலாகல்ல.”

ரோசா அவளை விசித்திரமாகப் பார்த்தாள். “மூணு நாளா கேட்டவரு இப்பம் கேக்கல்லேன்னா அறிஞ்சாச்சு. அறிஞ்ச மனுஷன் பின்ன எதுக்கு கேக்காரு? வள்ளத்த ஓட்டாண்டாமா?” சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டாள். குடித்ததும் நர்ஸ் வந்து அவளைப் பிரசவ அறைக்குக் கூட்டிப் போனாள்.

அது எத்தனை எளிதாக இருந்தது. ஆனால் டெல்னாவால் நம்ப முடியவில்லை. சத்தம் இல்லாததை வைத்து இன்று காலையிலிருந்து அவள் நினைத்ததெல்லாம் தப்பாகவே இருந்தது. இது மட்டும் எப்படிச் சரியாகும்? வராந்தாவில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மை ஜெபமாலை உருட்டினாள். நாலு மணிக்கு மறுபடி பட்டியலைப் பார்த்தாள். ஜெனின் இல்லை. நாலே காலுக்கு ஜெனினின் போனுக்கு அடித்துப் பார்த்தாள். எட்டவில்லை என்று ஒரு பெண் குரல் மலையாளத்தில் சொன்னது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு வராந்தாவில், இதே பெண் குரலைத்தான் நாள் முழுக்கக் கேட்டாள்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. பிரசவ அறைக் கதவு திறந்தது. நர்ஸ் துணிப் பொதியோடு வெளியே வந்து, வராந்தாவைப் பார்த்துக் கேட்டாள்.

“ரோசாக்க கூட ஆரு உண்டு?”

டெல்னா எழுந்தாள். வாய் திறப்பதற்குள் பின்னால் படிக்கட்டிலிருந்து குரல் வந்தது.

“நான் உண்டு.”

ஜெனின். கைலி முட்டுவரை நனைந்திருந்தது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். கையில் சார்ஜ் தீர்ந்து செத்த போன். ஒரு காலில் செருப்பு இல்லை. டெல்னாவையோ அம்மையையோ அவன் பார்க்கவில்லை, நேராக நர்ஸிடம் போனான்.

“பெண்குட்டியாக்கும். அம்மைக்கு ஒண்ணும் இல்ல, சுகமாட்டு இருக்கா” என்றாள் நர்ஸ். அவன் கையை நீட்டியதும், “முதல்ல போய் கை கழுவும்” என்று அதட்டினாள். குழாயடியில் முழங்கைவரை கழுவிவிட்டு வந்தான். பொதியை வாங்கினான். முகத்தைப் பார்க்கவில்லை, குனிந்து அதன் மூக்கருகே காதை வைத்தான். அப்படியே நின்றான். நர்ஸ் திரும்ப வாங்கக் கை நீட்டினாள், கொடுக்கவில்லை.

“மூச்சு விடுகு” என்றான், யாரிடம் என்றில்லாமல்.

டெல்னா நாற்காலியில் உட்கார்ந்து, அப்போதுதான் அழுதாள்.